நாலு நாய், ஒரே மூட்டை: எதை வாங்குவது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நாய் வளர்க்கிற பலர் ஒரு நாயோடு நிறுத்துவதில்லை. ஆசைப்பட்டு வாங்கியது ஒன்று, வீடு காலி செய்து போனவர்கள் விட்டுவிட்டுப் போனது ஒன்று, மழையில் நனைந்து மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி அப்படியே தங்கிவிட்டது ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். அப்புறம்தான் சாப்பாட்டுத் தலைவலி ஆரம்பிக்கிறது. குட்டிக்கு ஒரு மூட்டை, குண்டாகிவிட்ட லேப்ரடாருக்கு 'லைட்' என்று ஒரு மூட்டை, கிழட்டு பொமரேனியனுக்கு 'சீனியர்' மூட்டை, நாட்டு நாய்க்குச் சாதாரண மூட்டை. நாலையும் வைக்க அந்த வீட்டில் இடமும் இருக்காது, வாங்கப் பணமும் கட்டுப்படியாகாது.

சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூட்டை போதுமா? கடையில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்க்கா, இதை எடுத்துட்டுப் போங்க, நல்லா ஓடுது" என்பார்கள். இணையத்தில் தேடினால் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக வாங்கியே தீரணும் என்று பயமுறுத்துவார்கள். இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஒரே மூட்டையை வைத்துச் சமாளித்துவிடலாம். சில வீடுகளில் முடியவே முடியாது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடிக்கிற வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாய்களுக்குள் சாப்பாட்டில் இருக்கிற வித்தியாசம் இரண்டு வகை. ஒன்று, எவ்வளவு சாப்பிடணும் என்பது. இன்னொன்று, அந்தச் சாப்பாட்டுக்குள் என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாது என்பது. முதலாவது மூட்டையைப் பொறுத்ததே இல்லை, தட்டில் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குண்டு நாய், ஒல்லி நாய், ஓடியாடுகிற நாய், நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிற நாய், கருத்தடை செய்த நாய், செய்யாத நாய் என்று நாம் கவலைப்படுகிற வித்தியாசங்களில் முக்கால்வாசி இந்த அளவுக் கணக்கில்தான் வரும். அதற்காக மூட்டையை மாற்ற வேண்டியதில்லை, கையைக் கட்டுப்படுத்தினால் போதும் (அதுதான் கஷ்டம் என்பது வேறு விஷயம்).

இரண்டாவது வகைதான் மூட்டையைத் தீர்மானிக்கிறது. அதை இப்படிப் பாருங்கள். ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கீழ்க்கோடு இருக்கிறது, அதற்குக் குறைந்தால் உடம்பு கெடும். சில நாய்களுக்குச் சில சத்துகளில் மேல்கோடும் இருக்கிறது, அதைத் தாண்டினால் உடம்பு கெடும். எல்லா நாய்க்கும் பொதுவாக ஒரு மூட்டை வேண்டுமென்றால், அது இருக்கிற கீழ்க்கோடுகளிலேயே உயரமானதைத் தொட்டிருக்கணும், மேல்கோடுகளிலேயே தாழ்வானதைத் தாண்டாமல் இருக்கணும். இரண்டுக்கும் நடுவில் இடம் இருந்தால் ஒரே மூட்டை, இல்லையென்றால் இரண்டு மூட்டை.

எண்ணைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஆஃப்கோ என்பார்கள். இங்கே விற்கிற பல மூட்டைகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். ஈரத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், வளர்ந்த நாயின் சாப்பாட்டில் புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு குறைந்தது 5.5 சதவீதம் இருக்கணும் என்கிறது அவர்கள் அட்டவணை. வளர்கிற குட்டிக்கும், சினையாக இருக்கிற அல்லது பால் கொடுக்கிற தாய்க்கும் புரதம் 22.5, கொழுப்பு 8.5. கால்சியம் பெரியதற்கு 0.5 சதவீதம் போதும், குட்டிக்கு 1.2 வேண்டும். அதாவது உயரமான கீழ்க்கோடு எப்போதும் குட்டியுடையது. வளர்ந்த நாய்க்கென்று செய்த மூட்டையைக் குட்டிக்குப் போட்டால் எலும்பு வளர்கிற வயதில் பற்றாக்குறை வரும். ஆனால் குட்டியின் மூட்டையை ஆரோக்கியமான பெரிய நாய் அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, கூடுதல் புரதத்தை உடம்பு எரிசக்தியாகச் செலவழித்துக்கொள்ளும், மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

அதனால் முதல் விதி சுலபம். வீட்டில் குட்டியோ, சினை நாயோ, பால் கொடுக்கிற நாயோ இருந்தால் மூட்டையை அதற்காக வாங்குங்கள், மற்றவை அதையே சாப்பிடட்டும். மூட்டையில் 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று போட்டிருந்தால் அதன் அர்த்தம் குட்டியின் கீழ்க்கோட்டை அது தொட்டுவிட்டது என்பதுதான். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வார்த்தைகளும் இருக்கணும். 'காம்ப்ளிமென்டரி' என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும், அதையே முழுச் சாப்பாடாகப் போடக் கூடாது. முன்பக்கத்தில் இருக்கிற பளபளப்பான நாய்ப் படம், மலை, ஓநாய் எல்லாம் விளம்பரம். படிக்க வேண்டியது பின்பக்கம்.

குட்டியிலேயே ஒரு வகைக்கு மட்டும் மேல்கோடு உண்டு. கிரேட் டேன், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி வளர்ந்த பிறகு 32 கிலோவைத் தொடுகிற ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மற்ற குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். பிறந்து முதல் சில மாதங்களுக்கு அந்தக் குட்டிகளின் குடல், சாப்பாட்டில் வருகிற கால்சியத்தை வேண்டாமென்று தள்ளத் தெரியாமல் நிறைய உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாக வளர்ந்துவிடும். "எலும்பு பலமாகட்டும்" என்று கால்சியம் டானிக்கை மேலே ஊற்றுகிறார்களே, பெரிய ஜாதிக் குட்டிக்கு அது உபத்திரவம். இப்படி ஒரு குட்டி வீட்டில் இருந்தால் 'லார்ஜ் ப்ரீட் பப்பி' மூட்டையை எடுங்கள், மற்றவையும் அதையே சாப்பிடலாம்.

இப்போது மேல்கோட்டுப் பக்கம். இங்கேதான் ஒரே மூட்டை உடைகிறது. முக்கியமானது சிறுநீரக நோய். சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பாஸ்பரஸைக் குறைக்கணும், அதற்கென்று தயாரிக்கிற சாப்பாட்டில் பாஸ்பரஸ் அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். குட்டியின் கீழ்க்கோடோ 1 சதவீதம். ஒன்றின் குறைந்தபட்சம் இன்னொன்றின் உச்சத்தைப்போல இரண்டு மடங்கு. இரண்டுக்கும் பொருந்துகிற மூட்டையை உலகத்தில் எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது. குட்டி இல்லை, எல்லாம் வளர்ந்த நாய்கள்தான் என்றாலும், நோயாளிக்கான சாப்பாட்டை வீட்டுக்கே பொதுவாக்குவது வேண்டாம். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் பற்றாக்குறை, விலையும் ஏகத்துக்கும் அதிகம்.

கணைய அழற்சி வந்து பிழைத்த நாய்க்குக் கொழுப்பில் மேல்கோடு. சிறுநீர்க்கல் வந்த நாய்க்குக் கல் எந்த வகை என்பதைப் பொறுத்து மேல்கோடு, டால்மேஷியன் ஜாதிக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலக் கோளாறு இருப்பதால் ஈரல் மாதிரியான உறுப்புக்கறியில் மேல்கோடு. சர்க்கரை வந்த நாய்க்கு இன்சுலின் நேரத்தோடு சாப்பாடும் ஒரே மாதிரி இருக்கணும். இவற்றில் எதுவாக இருந்தாலும் அந்த நாய்க்கு மட்டும் தனி மூட்டை, மற்றவைக்கு ஒரு பொது மூட்டை என்று பிரித்துவிடுங்கள். நாலு மூட்டை இரண்டாகக் குறைந்ததே லாபம். எது எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்லணும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, அங்கே இருக்கிற ஆஸ்பத்திரி நம் பக்கத்துக்குக் கூப்பிடு தூரம்தான், ரத்தம் சிறுநீர் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

வயசான நாயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊர் முழுக்க ஓடுகிறது. வயசாகிவிட்டது, புரதத்தைக் குறைக்கணும், இல்லையென்றால் கிட்னி போய்விடும் என்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிற கிழ நாய்க்குப் புரதத்தைக் குறைத்தால் தசைதான் கரையும், பின்னங்கால் வலுவிழக்கும். 'சீனியர்' என்று மூட்டையில் அச்சிடுவதற்கு ஆஃப்கோவில் தனி அட்டவணையே கிடையாது, வளர்ந்த நாயின் அட்டவணைதான் அதற்கும், அதனால் ஒரு கம்பெனியின் சீனியர் மூட்டையும் இன்னொரு கம்பெனியின் சீனியர் மூட்டையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். உங்கள் பதினொரு வயசு பொமரேனியனுக்கு ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதென்றால் அது குட்டியின் சாப்பாட்டையே சாப்பிடட்டும். பல் போயிருந்தால் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊற வைத்துக் கொடுங்கள், தீர்ந்தது.

அலர்ஜி கொஞ்சம் தனி விஷயம். இங்கே கோடு கிடையாது, ஒரு பொருள் இருக்கவே கூடாது என்பதுதான். காதுக்குள் அரிப்பு, பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, வருஷம் முழுக்கத் தோல் சிவந்திருப்பது எல்லாம் சாப்பாட்டினாலும் இருக்கலாம், உண்ணி, தெள்ளுப்பூச்சியினாலும் இருக்கலாம். நாய்களுக்குச் சாப்பாட்டு அலர்ஜி தருவதில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நாய்ச் சாப்பாடு என்று நாம் நினைக்கிற எல்லாமே இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது பாருங்கள். ரத்தப் பரிசோதனையில், எச்சில் பரிசோதனையில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம், அவை நம்பகமானவை அல்ல. சரியான வழி, இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்த 'ஹைட்ரலைஸ்டு' சாப்பாடு, இதை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது, அப்புறம் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று உறுதி செய்வது.

அந்த எட்டு வாரமும் ஒரு துண்டு பொறை கூட உள்ளே போகக் கூடாது. நம் பக்கம் டீக்கடையில் நிற்கிற யாரும் நாயைப் பார்த்தால் ஒரு பொறையைப் பிய்த்துப் போடாமல் நகர மாட்டார்கள், அன்பு தான், ஆனால் அது கோதுமை. பக்கத்து வீட்டுப் பாட்டி, தெருமுனை தம்பி எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பல நாய் இருக்கிற வீட்டில் அலர்ஜி நாய்க்கு மட்டும் தனியாகக் கொடுப்பது நடைமுறையில் தோற்றுப்போகும், ஏனென்றால் மற்றவை சிந்திய துணுக்கை அது நக்கிவிடும். அதனால் அலர்ஜி உறுதியானால் எல்லாவற்றையும் அந்த நாயின் சாப்பாட்டுக்கே மாற்றிவிடுவதுதான் உத்தமம். கோழி ஆகாத நாய் ஒன்று இருக்கிறதென்றால், மீனோ ஆட்டுக்கறியோ அடிப்படையான, ஆல் லைஃப் ஸ்டேஜஸ் என்று எழுதிய மூட்டையாகத் தேடி வீட்டுக்கே பொதுவாக்குங்கள். முன்பக்கத்தில் 'ஃபிஷ்' என்று பெரிதாக எழுதிவிட்டு உள்ளே கோழிக் கொழுப்பு, கோழி மாவு சேர்த்திருப்பார்கள், பொருட்பட்டியலை வரி விடாமல் படிக்கணும்.

மூட்டை முடிவாகிவிட்டது. இனி அளவு.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிற சூத்திரம் ஒன்றுதான். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். பயப்படாதீர்கள், போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்: எடையை மூன்று முறை பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள், 70-ஆல் பெருக்குங்கள். 16 கிலோ என்றால் 16 × 16 × 16 = 4096, வர்க்கமூலம் 64, மறுபடி வர்க்கமூலம் 8, எழுபதால் பெருக்கினால் 560. இதை நாயின் நிலைமைக்கேற்ப இன்னொரு எண்ணால் பெருக்கணும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6, செய்யாததற்கு 1.8, நாலு மாசத்துக்கு மேலே ஆன குட்டிக்கு 2, நாலு மாசத்துக்குள் 3, எடை குறைக்க வேண்டிய நாய்க்கு 1, அதுவும் இப்போதைய எடைக்கு அல்ல, இருக்க வேண்டிய எடைக்கு. வயசாகி ஓய்ந்த நாய்க்குச் சுமார் 1.4 என்று ஆரம்பிக்கலாம்.

புது வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம், மூட்டையில் கிலோவுக்கு 3500 கலோரி என்று எழுதியிருக்கிறது. காது நுனி வெட்டிய, கருத்தடை செய்த நாட்டு நாய் 16 கிலோ: 560 × 1.6 = 896 கலோரி, அதாவது 256 கிராம். அடுத்தது லேப்ரடார், இப்போது 36 கிலோ, இருக்க வேண்டியது 28: கணக்குப் போட்டால் 852 கலோரி, 243 கிராம். ஆறு மாசக் குட்டி 9 கிலோ: 727 கலோரி, 208 கிராம். கிழட்டு பொமரேனியன் 8 கிலோ: 466 கலோரி, 133 கிராம்.

லேப்ரடாரையும் நாட்டு நாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மடங்குக்கு மேல் எடை இருக்கிற நாய், பாதி எடை இருக்கிற நாயைவிடக் குறைவாகச் சாப்பிடணும். தட்டைப் பார்த்துக் கண்ணால் போடுகிறவர்கள் யாராவது இப்படிப் போடுவார்களா? பெரிய நாய், பெரிய தட்டு, பெரிய கை என்றுதான் போகும், எடை அங்கேதான் ஏறுகிறது. லேப்ரடாரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஜாதியில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்கிற ஜீன் ஒன்றில் குறை இருக்கிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பசியில் பார்க்கிற மாதிரி பார்க்கும், நீங்கள் தராசைப் பாருங்கள். 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. ஒரே சாப்பாட்டைக் கால் பங்கு குறைத்துச் சாப்பிட்ட நாய்கள், மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டை ஒன்றுதான், அளவு மட்டும்தான் வேறு. விலை உயர்ந்த மூட்டை வாங்கித் தருகிற ஆயுளைவிட இது பெரிய ஆயுள் என்பது என் அபிப்பிராயம்.

நாலையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 840 கிராம், மாசத்துக்கு 25 கிலோ சொச்சம். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், எந்த விலை மூட்டை மாசா மாசம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துவிடும். இரண்டு மாசம் உயர்ந்த ரகம் வாங்கி, மூன்றாவது மாசம் கையைக் கடிக்கிறது என்று மட்ட ரகத்துக்கு இறங்குவதைவிட, நடுத்தர ரகத்தில் நிலையாக இருப்பது நாயின் வயிற்றுக்கும் நல்லது.

மூட்டையின் பின்னால் அச்சிட்ட அளவு அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள், வீட்டுக்குள் கிடக்கிற கருத்தடை நாய்க்கு அது பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும். டம்ளர் கணக்கும் வேண்டாம். ஒரே டம்ளரில் ஒருத்தர் தட்டி நிரப்புவார், இன்னொருத்தர் கும்பலாக எடுப்பார். சமையலறைக்கு விற்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழிக்க மறந்துவிடக் கூடாது. கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம், ஈரம் 80 சதவீதம் என்று இருக்கும், டிரை ஃபுட்டில் புரதம் 22, ஈரம் 10. பார்த்த உடனே கிரேவி மட்டம் என்று தோன்றும். ஈரத்தை எடுத்துவிட்டால் கிரேவியில் மிஞ்சுவது 20, அதில் 8 புரதம், ஆக 40 சதவீதம். டிரை ஃபுட்டில் மிஞ்சுவது 90, அதில் 22, ஆக 24 சதவீதம் சொச்சம். மேலே சொன்ன 18, 22.5 எல்லாம் இப்படிக் கழித்த பிறகு பார்க்க வேண்டிய எண்கள்.

அப்புறம், மூட்டை மட்டுமா போடுகிறோம்? புளியந்தோப்புப் பக்கம் கிடைக்கிற மாட்டு நுரையீரல், கறிக்கடையில் கேட்டு வாங்குகிற கோழித் தலை, காசிமேட்டில் விலை போகாமல் மிஞ்சிய சின்ன மீன், கூடவே ரேஷன் அரிசிச் சோறு, இதெல்லாம் நம் பக்கத்து நாய்களின் நிஜமான சாப்பாடு. சோறு நாய்க்கு ஆகாது என்கிறவர்களை நம்ப வேண்டாம், மனிதனோடு வாழ ஆரம்பித்த நாய், மாவுச்சத்தைச் செரிக்கிற ஜீனை ஓநாயைவிடப் பல மடங்கு பெருக்கிக்கொண்டது, 2013-இல் வெளிவந்த ஆய்வு அதைத்தான் காட்டியது. பிரச்சினை வேறு இடத்தில். வெறும் கறியும் ஈரலும் சோறும் மட்டுமே போட்டால் கால்சியம் படுபாதாளத்தில் கிடக்கும், பாஸ்பரஸ் மேலே நிற்கும். பெரிய நாய் கொஞ்ச நாள் தாங்கும், குட்டி தாங்காது. மூட்டைச் சாப்பாட்டின் சமன்பாட்டைக் கெடுக்காமல் இருக்க, வெளிச் சாப்பாடு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கலோரியை மூட்டை அளவிலிருந்து கழித்தும் விடுங்கள். மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துப் போடலாம். கருவாடு வேண்டாம், உப்பு. ஞாயிற்றுக்கிழமை மிச்ச பிரியாணியும் வேண்டாம். வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட்டுக்கும் தடை.

சௌகார்பேட்டையில் சைவ வீடுகளில் நாய் வளர்ப்பவர்களும் உண்டு. முழுச் சத்துக் கணக்கோடு செய்த சைவ மூட்டையில் வளர்ந்த நாய் வாழ்ந்துவிடும், பாலும் சப்பாத்தியும் மட்டும் என்றால் வாழாது. பூனையும் சேர்ந்திருக்கிற வீடென்றால் அதை இந்தப் பொது மூட்டையில் சேர்க்கவே முடியாது, பூனைக்குச் சாப்பாட்டிலேயே டாரின் என்கிற சத்து வேண்டும், நாய்ச் சாப்பாட்டில் அது இருந்தே ஆகணும் என்ற கட்டாயமில்லை.

அளவு வேறு வேறு என்றால் பொதுத் தட்டு கிடையாது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூலை. சின்ன வீட்டில் இது லேசுப்பட்ட காரியமில்லை, ஆனால் வழி உண்டு: ஒன்றை மொட்டை மாடியில், ஒன்றை மாடிப்படியில், ஒன்றைக் கட்டிப்போட்டு, குட்டியைக் கதவுக்குள் என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் வையுங்கள். இருபது நிமிஷம் கழித்துச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் சில வேளை மிச்சம் வைக்கும், ஏப்ரல் மே மாசத்தில் அதிகாலையிலும் இரவிலும் மாற்றிப் பாருங்கள். எடை குறைக்கிற லேப்ரடாருக்கு உப்பில்லாமல் வேகவைத்த சுரைக்காய், பீன்ஸ் கொஞ்சம் சேர்த்தால் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும், கலோரி ஏறாது. ஆனால் பொது மூட்டையின் அளவை ரொம்பவும் குறைத்தும் எடை இறங்கவில்லையென்றால் அதற்கு மேல் குறைக்காதீர்கள், கலோரியோடு சத்தும் குறைந்துவிடும். அந்த நிலையில் டாக்டர் எழுதித் தருகிற எடைக் குறைப்புச் சாப்பாடு தனி மூட்டையாகத்தான் வரணும். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடற்கரைக் காற்றில் திறந்த மூட்டை சீக்கிரம் நமுத்துப் போகும், கொழுப்பு சிக்கடிக்கும். அரிசி டிரம்மில் கொட்டி வைக்காமல், மூட்டையோடு டிரம்முக்குள் இறக்கி வாயைச் சுருட்டி மூடுங்கள். மூட்டையின் உள்பூச்சுதான் கொழுப்பைக் காப்பாற்றுவது, தேதியும் அதில்தான் இருக்கிறது. கடையில் கிலோ கணக்கில் உதிரியாகக் கட்டித் தருவதை வாங்காமல் இருந்தால் நல்லது, அது எந்த மூட்டை, எப்போது திறந்தது, உள்ளே கோழியா மீனா ஒன்றும் தெரியாது, அலர்ஜி நாய் இருக்கிற வீட்டில் தொடவே கூடாது. மூடி இறுக்கமாக இருக்க இன்னொரு காரணம் எலியும் பெருச்சாளியும். அவற்றின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிற நம் பகுதியில் அதற்கான தடுப்பூசியை மறக்க வேண்டாம்.

புது மூட்டைக்கு ஒரே நாளில் மாறாதீர்கள், நாலு நாய்க்கும் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் வீடு தாங்காது. கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு என்று ஆரம்பித்து ஏழு முதல் பத்து நாளில் முழுசாக மாறுங்கள்.

கணக்கில் வந்த கிராம் எல்லாம் ஆரம்பப் புள்ளிதான், ஒரே எடையுள்ள இரண்டு நாய்க்கும் தேவை நிறைய வேறுபடும். மாசம் ஒரு முறை எடை பாருங்கள், நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் போதும். லேப்ரடாரைத் தூக்க முடியாதவர்கள் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றலாம், சிரிப்பார்கள், பரவாயில்லை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படணும், மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்கணும். தட்டுப்படவில்லையென்றால் பத்து சதவீதம் குறையுங்கள், கண்ணுக்கே எலும்பு தெரிந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள். குட்டிக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கணக்கைத் திரும்பப் போடுங்கள், அதன் எடை ஏறிக்கொண்டே இருக்கும்.